வீடியோ கேம்களில் கறுப்பினப் பெண்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் ஆடுகிறவர்கள் கூடும் இடத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் அடுத்த நிமிடமே இரண்டு கட்சியாகிவிடும். ஒரு கட்சி தலைகளை எண்ணும். இன்னொரு கட்சி "கேம்ல எதுக்குங்க அரசியல்?" என்று கேட்கும். இரண்டு பேரும் விட்டுவிடுகிற கேள்வி, அந்தக் கேரக்டருக்காக யார் உட்கார்ந்து எவ்வளவு வேலை பார்த்தார்கள் என்பது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும்.

கறுப்பினப் பெண்கள் என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்?

ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களை. ஆப்பிரிக்காவில் இருப்பவர்கள், அமெரிக்கா, கரீபியன், பிரேசில், ஐரோப்பா என்று பரவியவர்களின் சந்ததி, கலப்புப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் எல்லோரும் அடக்கம். மாநிறமாக வரைந்து, எந்த ஊர் என்றே சொல்லாமல் விட்ட கேரக்டர்களைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் பட்டியல் நீளமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இவர்கள் கேம்களில் வர ஆரம்பித்தது எப்போது? சமீபத்தில்தானே?

இல்லை. பலரும் 2010க்குப் பிறகு வந்த ஏதாவது ஒரு பெயரைச் சொல்வார்கள். நான் தொடங்குவது 1987, 1988லிருந்து.

முரியல் ட்ராமிஸ் கரீபியக் கடலில் உள்ள மார்ட்டினிக் தீவில் பிறந்தவர், கறுப்பினப் பெண். பிரான்சில் பொறியியல் படித்து, ஏரோஸ்பேசியல் நிறுவனத்தில் ஆளில்லா விமானங்களில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு கோக்டெல் விஷன் என்ற பிரெஞ்சு கேம் நிறுவனத்துக்கு வந்தார். 1987ல் அவர் எழுதிய 'மெவிலோ', 1902ல் பெலே எரிமலை வெடித்து அழிந்த சென்-பியேர் நகரத்தில் நடக்கிறது. அந்தக் கேம் பெட்டிக்குள் கலலூ என்ற தீவுச் சமையலின் செய்முறையையும் வைத்து விற்றார்கள். எதிரியைச் சுடுவதும் பழம் பொறுக்குவதுமே கேம் என்றிருந்த காலத்தில், தன் ஊரின் சாப்பாட்டையும் சேர்த்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்.

அடுத்த வருடம் 'ஃப்ரீடம்'. கரும்புத் தோட்டத்தில் அடிமையாக இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இரவில் மற்றவர்களைத் திரட்டிக் கலகம் செய்ய வேண்டும். தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் நால்வரில் பெண்களும் உண்டு. எழுத்தில் கூட இருந்தவர் பாட்ரிக் ஷாமுவாஸோ. பின்னாளில், 1992ல், பிரான்சின் கோன்கூர் விருதை வாங்கிய அதே நாவலாசிரியர்தான். இத்தனைக்கும் பிறகு ட்ராமிஸின் பெயர் கேம் வரலாற்றுப் பட்டியல்களில் கிட்டத்தட்ட காணாமல் போயிற்று. பிரெஞ்சு அரசு லெஜியன் தோனர் என்ற உயரிய விருதைக் கொடுத்தது 2018ல்.

நமக்கும் அந்தத் தீவோடு ஒரு தொடர்பு உண்டு. 1848ல் அடிமை முறை ஒழிந்ததும், அதே கரும்புத் தோட்டங்களுக்கு 1853லிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் ஏற்றினார்கள். போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

தொண்ணூறுகளில் யார் இருந்தார்கள்?

கொஞ்சம் பேர். ஸ்ட்ரீட் ஃபைட்டர் வரிசையில் 1997ல் எலினா வந்தாள். ஊர் கென்யா, ஆடும் சண்டைக்கலை பிரேசிலின் கபோய்ரா, உடம்பில் துணி கொஞ்சம். ஆப்பிரிக்கா என்றால் எல்லாம் ஒன்றுதானே என்ற நினைப்பு அதில் தெரிகிறது. ஆனால் அவளுடைய அசைவுகளுக்கு வரைந்த ஃபிரேம்களின் நேர்த்தியை இன்றும் சண்டைக் கேம் ரசிகர்கள் சிலாகிப்பார்கள்; அதையும் சொல்லத்தான் வேண்டும். 1999ல் 'அர்பன் கேயாஸ்' கேமில் டார்சி ஸ்டெர்ன் என்ற புதிய போலீஸ்காரி கதாநாயகி. மொட்டை மாடிகளில் ஏறி நகரம் முழுக்கச் சுற்றலாம். நல்ல கேம், பாதிப் பேருக்கு ஞாபகம் இல்லை.

எண்ணிக்கையில் நிலைமை எப்படி?

2009ல் டிமிட்ரி வில்லியம்ஸும் மற்ற ஆய்வாளர்களும் 150 கேம்களை எடுத்து, அதில் வரும் மனிதர்களைக் குடிமதிப்பு எடுப்பதுபோல எண்ணினார்கள். மொத்தப் பெண்களே சுமார் 15 சதவீதம்தான். அதற்குள் கறுப்பினப் பெண்களின் பங்கைத் தேடுவது எவ்வளவு சிறிய கணக்கு என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஆடுகிறவர்கள் பக்கம் கதை வேறு. அமெரிக்காவில் ப்யூ ஆய்வு மையம் 2015ல் விசாரித்தபோது, கறுப்பினப் பதின்வயதினரில் 83 சதவீதம் பேர் வீடியோ கேம் ஆடுவதாகச் சொன்னார்கள். வெள்ளையரில் அது 71.

எண்ணிக்கையை விடக் காலதாமதம் இன்னும் தெளிவாகப் பேசும். 'ஓவர்வாட்ச்' 2016ல் 21 நாயக நாயகிகளோடு வந்தது. பல நாடு, பல இனம் என்பதே அதன் விளம்பரம். கறுப்பினப் பெண் ஒருத்திகூட இல்லை. 2017ல் ஆப்பிரிக்க நகரம் ஒன்றிலிருந்து ஒரிசா வந்தது. அது நான்கு கால் ரோபோ. அதைச் செய்த ஈஃபி என்ற 11 வயதுக் கறுப்பினச் சிறுமி பின்கதையில் இருக்கிறாள், ஆனால் அவளாக ஆட முடியாது. பேசும் குரங்குக்கும் உருளும் வெள்ளெலிக்கும் இடம் கிடைத்த கேமில், கறுப்பினப் பெண்ணாக சோஜர்ன் வந்து சேர்ந்தது 2022ல், இரண்டாம் பாகத்தோடு.

போட்டி கேம்களில் இப்போது நிலைமை பரவாயில்லை. 'வேலரன்ட்'டில் கானா நாட்டு ஆஸ்ட்ரா இருக்கிறாள். 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' தொடங்கிய 2019லிருந்தே பெங்களூர் என்ற ராணுவக்காரி உண்டு. பெயரைப் பார்த்து கர்நாடகத்துக்காரி என்று நினைக்க வேண்டாம், அவள் கறுப்பினப் பெண். (பெங்களூர் டார்பிடோ என்றொரு வெடிகுழாய் உண்டு. அதை 1912ல் உருவாக்கியவர் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் அதிகாரி.)

'ரெசிடென்ட் ஈவில் 5' விவகாரம் என்ன?

2007ல் ட்ரெய்லர் வந்தது. ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றில் ஒரு வெள்ளைக்கார வீரன், தன்னை நோக்கி ஓடி வரும் கறுப்பின மக்களைச் சுட்டுக்கொண்டே போகிறான். அவர்கள் நோய் தொற்றியவர்கள் என்பது கதை. ஆனாலும் திரையில் தெரிந்த படம் எந்தக் காலத்தை நினைவுபடுத்தியது என்பதைப் பலர் எடுத்துச் சொன்னார்கள். 2009ல் கேம் வெளியானபோது நாயகனுக்குத் துணையாக ஷேவா அலோமர் இருந்தாள்.

ஷேவா திறமையான கேரக்டர், அதில் சந்தேகமில்லை. ஆனால் தனியாக ஆடுகிறவர் முதல் தடவை நாயகன் கிறிஸாகத்தான் ஆட வேண்டும். கேமை ஒருமுறை முடித்த பிறகே ஷேவாவாக ஆடக் கதவு திறக்கும். அதுவரை அவள் கம்ப்யூட்டர் நடத்தும் துணையாள். உங்கள் தோட்டாக்களை வீணடிப்பாள், திட்டு வாங்குவாள். கேமில் பரிசாகத் திறக்கும் உடைகளில் ஒன்று சிறுத்தைத் தோல் போட்ட 'பழங்குடி' உடை. பயிற்சி பெற்ற அதிகாரிக்கு அந்த உடையை யோசித்தவர்கள் கதையை எழுதியவர்களோடு பேசிக்கொள்ளவே இல்லை போலிருக்கிறது.

அவிலீனை ஏன் எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள்?

'அசாசின்ஸ் க்ரீட்: லிபரேஷன்', 2012ல் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கைக்கன்சோலுக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு நியூ ஆர்லியன்ஸ். கதாநாயகி அவிலீனின் அப்பா பிரெஞ்சு வணிகர், அம்மா அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண்.

அவள் பெயரைத் தூக்கி நிறுத்துவது ஆட்டத்தின் விதிகள். அவளுக்கு மூன்று வேடம். சீமாட்டி வேடத்தில் காவலர்கள் வழிவிடுவார்கள், சிரித்துப் பேசியே உள்ளே போகலாம், ஆனால் அந்தப் பாவாடையோடு சுவர் ஏற முடியாது. அடிமை வேடத்தில் ஏறலாம், ஓடலாம், கூடை சுமந்து கூட்டத்தோடு கலந்துவிடலாம். யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கொஞ்சம் ஓடினாலே சந்தேகம் ஏறும். கொலையாளி வேடத்தில் எல்லா ஆயுதமும் உண்டு, எப்போதும் ஊர்க் கண் மேலேயே இருக்கும். ஒரே தெரு, ஒரே பெண். துணியை மாற்றினால் அந்த ஊர் அவளை நடத்தும் விதம் மாறுகிறது. வசனத்தில் சொல்லியிருந்தால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்போம். இங்கே ஒவ்வொரு சுவர் முன்னாலும் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடிமைத்தனத்தைக் கழற்றி மாட்டும் துணியாக்கிவிட்டார்கள் என்று குறை சொல்வோரும் உண்டு. நியாயமான குறைதான். எனக்கு உறுத்துவது வேறு. பெரிய கன்சோல்களுக்கு மூன்றாம் பாகத்தைக் கொடுத்த அதே நாளில், இவளைக் கொஞ்சம் பேரே வாங்கிய கைக்கன்சோலுக்கு அனுப்பினார்கள். டிவியில் ஆடும்படி மெருகேற்றிய பதிப்பு வர 2014 ஆயிற்று.

தலைமுடிக்கு ஏன் இவ்வளவு சண்டை?

ஏதாவது ஒரு கேமில் புதுக் கேரக்டர் உருவாக்கும் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நேர்முடிக்கு வரிசை வரிசையாக மாதிரிகள் இருக்கும். கீழே தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் உருண்டையாக ஓர் ஆப்ரோ, தலையை ஒட்டிய வரிப்பின்னல் ஒன்று, சடை ஒன்று. ஆப்ரோவைத் தேர்ந்தெடுத்தால் பாசியோ பஞ்சோ ஒட்டியதுபோல் இருக்கும். பின்னலுக்கு வகிடே இருக்காது. தன்னைப் போல ஒருத்தியைச் செய்ய உட்காரும் பெண் இந்த இடத்தில்தான் முதல் அடி வாங்குகிறாள்.

காரணம் பாதி அலட்சியம், பாதி தொழில்நுட்பம். கேம்களில் முடியை ஒவ்வோர் இழையாகச் செய்வது கம்ப்யூட்டருக்குப் பெரிய சுமை. அதனால் முடி வரைந்த தட்டையான பட்டைகளைத் தலையில் அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். நேர்முடி பட்டையாக விழுவதால் ஏமாற்று தெரியாது. ஸ்பிரிங் போலச் சுருண்டு, எல்லாப் பக்கமும் எழும்பி நிற்கிற முடியில் பட்டையின் விளிம்பு பல்லிளிக்கும். ஆராய்ச்சியும் பல வருடம் நேர்முடி, அலைமுடியைச் சுற்றியே ஓடியது.

யேல் பல்கலைக்கழகத்தின் தியோடர் கிம், கலைஞரும் பேராசிரியருமான ஏ.எம். டார்க் ஆகியோர் அடங்கிய குழு 2024ல் சுருள்முடிக்கென்றே ஒரு முறையை வெளியிட்டது. அவர்கள் கவனித்தவை சுவாரசியமானவை. மண்டைக்கு அருகில் இழைகள் ஒழுங்கில்லாமல் கிளம்புகின்றன, வெளியே போகப் போகத்தான் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே சுருளாகின்றன. ஒரு சுருள் வலப்பக்கம் சுற்றிக்கொண்டே வந்து பாதியில் இடப்பக்கம் திரும்பிவிடும். சில இழைகள் மட்டும் சுற்றைத் தவறவிட்டுத் துருத்தி நிற்கும். இந்த மூன்றையும் கணக்கில் கொண்டுவந்தால்தான் அது முடி மாதிரி தெரிகிறது. தன் தலையைத் தானே சீவிப் பின்னிக்கொள்ளும் கறுப்பினப் பெண் யாருக்கும் இதெல்லாம் புதிதல்ல. அவளைக் கேட்கும் பழக்கம் துறையில் இல்லை.

டார்க் அதற்கு முன்பே வேறொரு வழியும் பார்த்தார். கறுப்பினக் கலைஞர்கள் செய்த ஆப்பிரிக்க முடி மாதிரிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஓர் இலவச நூலகமாகத் தொகுத்து 2023ல் திறந்தார். "எங்களுக்குத் தெரியாது, நேரமில்லை" என்று ஸ்டூடியோக்கள் சொல்லும் சாக்கு அதோடு தீர்ந்தது.

தோல் நிறம் வெறும் கலர்தானே? சிலைடரை நகர்த்தினால் போதாதா?

போதாது. வெளிச்சம் தோலுக்குள் கொஞ்சம் ஊடுருவிச் சிதறுவதைக் காட்டும் கணக்குமுறைதான் கம்ப்யூட்டர் முகங்களுக்கு உயிர் தந்தது என்பார்கள். வெளிர் தோலில் அது எடுப்பாகத் தெரியும். கருந்தோலின் அழகு மேற்பரப்பின் மினுமினுப்பில் இருக்கிறது; அதற்கு உழைப்பு குறைவாகவே போனது என்பது கிம்மின் வாதம். கலரை மட்டும் மாற்றினால் சாம்பல் பூத்தாற்போல ஒரு முகம் வரும்.

'தி சிம்ஸ் 4' நல்ல உதாரணம். 2014ல் வந்த அந்தக் கேமில் கருந்தோல் நிறங்கள் குறைவு, இருந்தவையும் திட்டுத்திட்டாக இருந்தன. நிறுவனம் செய்யும் வரை ஆடுகிறவர்கள் காத்திருக்கவில்லை. அமிரா வெர்ஜில் 'மெலனின் பேக்' என்ற மோடை (ஆடுகிறவர்களே செய்து கேமில் சேர்க்கும் மாற்றம்) தானே செய்து கொடுத்தார். எபோனிக்ஸ் என்ற பெயரில் இயங்கும் டேனியல் உடோகரன்யா ஆப்பிரிக்கச் சிகையலங்காரங்களைச் செய்து கொடுத்தார். 2020 டிசம்பர் அப்டேட்டில் 100க்கும் மேற்பட்ட புதிய நிறங்கள் வந்தன.

குரல் கொடுப்பவர் யார் என்பது அவ்வளவு முக்கியமா? குரலுக்கு ஏது நிறம்?

குரலுக்கு நிறமில்லைதான். சம்பளத்துக்கு உண்டு. 'அன்சார்ட்டட் 4'ல் வரும் நாடின் ராஸ் தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண், குரல் கொடுத்தவர் வெள்ளையர். 'தி வாக்கிங் டெட்' கேமின் க்ளெமன்டைனும் அப்படியே. இரண்டு பேரும் பிரமாதமாகச் செய்தார்கள், யாரும் மறுக்கவில்லை. கேள்வி, கறுப்பினப் பெண் வேடமே அபூர்வமாக வரும்போது அதற்கும் கறுப்பின நடிகைக்கு அழைப்பு வராவிட்டால் அவர் எதில் தேறுவார் என்பது. கறுப்பின நடிகை ஒசியோமா அகாகாவைப் பாருங்கள். 2020ல் 'ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ்'. அடுத்த வருடமே 'டெத்லூப்'பில் ஜூலியானா. அந்த வேடத்துக்காக கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புப் பட்டியலில் பெயர் வந்தது.

வலிமையான, கோபக்காரப் பெண்ணாகக் காட்டுவது நல்லதுதானே?

அது ஒன்றை மட்டுமே காட்டினால் இல்லை. 2011ல் 'டியூஸ் எக்ஸ்: ஹியூமன் ரெவல்யூஷன்' கேமில் லெட்டீஷா என்றொரு பெண் வருவாள். டெட்ராய்ட் தெருவில் குப்பை கிளறியபடி துப்பு கொடுப்பவள். அவள் பேச்சு ஒரு நூறு வருடம் பழைய, கறுப்பினரைக் கேலி செய்யும் மேடைக் கூத்தை நினைவுபடுத்தியது. வேறு கறுப்பினப் பெண்கள் நாலு பேர் நாலு விதமாகப் பேசியிருந்தால் இவளும் ஒருத்தி என்று போயிருக்கும்.

'ஃபோர்ஸ்போக்கன்' (2023) இன்னும் சிக்கலான கதை. ஃப்ரே ஹாலண்ட் நியூயார்க்கில் அனாதையாக வளர்ந்தவள், முதல் காட்சியே திருட்டு வழக்கில் நீதிமன்றம். மாயாஜால உலகத்துக்குப் போகப்போகிற பெண்ணுக்கு நுழைவாயிலாகக் குற்றவாளிக் கூண்டுதான் தோன்றியதா என்று கேட்டார்கள். எனக்கும் அந்தத் தொடக்கம் சலிப்பூட்டியது. ஆனால் கேமின் வசனங்களைக் கிண்டலடித்து ஓடிய வீடியோக்களில் பல, வசனத்தை விட்டுவிட்டு மொத்த ஆத்திரத்தையும் ஃப்ரேயாக நடித்த எல்லா பாலின்ஸ்காவின் மேல் கொட்டின.

மாற்று வேண்டுமென்றால் 'டெத்லூப்'பின் ஜூலியானாவே. வில்லி. புத்திசாலி, நக்கல்காரி, போரடித்தால் கொலை செய்வாள். ரேடியோவில் கதாநாயகனைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். வேறொருவர் இணையம் வழியாக ஜூலியானாவாக உங்கள் ஆட்டத்துக்குள் புகுந்து உங்களைக் கொல்லவும் முடியும். யாருக்கும் முன்மாதிரியாக இருக்க வேண்டிய கடன் அவளுக்கு இல்லை. அந்தச் சுதந்திரம் கறுப்பினப் பெண் கேரக்டர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

இதெல்லாம் ஆலோசனை நிறுவனங்கள் திணிப்பதுதான் என்கிறார்களே?

2024 தொடக்கத்தில் கிளம்பிய புரளி. மாண்ட்ரியாலில் ஸ்வீட் பேபி என்ற சிறிய கதை ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. தலைமை, கிம் பெலேர் என்ற கறுப்பினப் பெண். அவர்கள் கைவைத்த கேம்களைக் கண்டுபிடித்து ஒதுக்கச் சொல்லி, ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் ஒரு குழு தொடங்கியது. 'ஆலன் வேக் 2'ல் வரும் எஃப்.பி.ஐ. அதிகாரி சாகா ஆண்டர்சனைக் கறுப்பினமாக மாற்றியதே இவர்கள்தான் என்று பரப்பினார்கள். கேமின் இயக்குநர்களில் ஒருவரான கைல் ரௌலி அது உண்மையில்லை என்று நேரடியாக மறுத்தார். புரளி ஓடிய வேகத்தில் மறுப்பு ஓடவில்லை.

கேமை ஆடியவர்களுக்கு சாகா எந்தத் தத்துவமும் பேசுவதில்லை என்பது தெரியும். தன் மனதுக்குள் இருக்கும் அறைக்குப் போய், சுவரில் துப்புப் படங்களை ஒவ்வொன்றாகக் குத்தி, சிவப்பு நூலால் இணைத்துக்கொண்டிருப்பாள்.

ஆன்லைனில் ஆடும் கறுப்பினப் பெண்களுக்கு என்ன நடக்கிறது?

மைக்கை ஆன் செய்யும்வரை ஒன்றுமில்லை. பேசியதும் பெண் என்பதும் இனமும் தெரிந்துவிடும், வசவு தொடங்கும். கிஷோனா கிரே என்ற ஆய்வாளர் எக்ஸ்பாக்ஸ் லைவ் என்ற ஆன்லைன் ஆட்டத் தளத்தில் இதைப் பல வருடம் கூட இருந்து பதிவு செய்தார். அங்கே பெண்கள் தங்களுக்குள் குழு அமைத்து ஆடுவதையும் எழுதினார். பிரிட்டனில் ஜே-ஆன் லோபெஸ் 2015ல் தொடங்கிய 'பிளாக் கேர்ள் கேமர்ஸ்' அப்படிப்பட்ட தேவையில் பிறந்ததுதான். கேம் ஆடுவதை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளத்தில் கூட்டமாக வந்து வெறுப்பைக் கொட்டும் தாக்குதல்களை எதிர்த்து 2021 செப்டம்பர் 1 அன்று ஸ்ட்ரீமர்கள் ஒருநாள் கடையடைத்தார்கள்.

ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் என்ன செய்கிறார்கள்?

கேமரூனின் கிரோ ஸ்டூடியோ 2016ல் வெளியிட்ட 'ஆரியன்' கேமில் இளவரசன் என்சோவோடு அவன் மனைவி எரீனும் சேர்ந்து பயணம் போகிறாள். திருமணமான ஜோடி ஒன்றாகச் சண்டை போடும் கேம்கள் எத்தனை? பிரேசிலின் லாங் ஹாட் ஹவுஸ் 2018ல் 'டண்டாரா'வைக் கொடுத்தது. பதினேழாம் நூற்றாண்டில் தப்பிய அடிமைகள் உருவாக்கிய பல்மாரெஸ் குடியிருப்பின் போராளி டண்டாராவின் பெயர் அது. கேமில் அவள் நடப்பதே இல்லை. தரையிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து சுவருக்கு என்று தாவிக்கொண்டே இருப்பாள். தென்னாப்பிரிக்காவின் ந்யாமகாப் 2025ல் அறிவித்த 'ரீலூட்டட்' கேமில், மேற்கத்திய அருங்காட்சியகங்களில் இருக்கும் ஆப்பிரிக்கக் கலைப்பொருட்களைத் திருடித் திருப்பிக் கொண்டுவரும் கும்பலின் கதாநாயகி நொமாலி.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் 'ஹேர் நா'. மோமோ பிக்சல் 2017ல் செய்த பிரவுசர் கேம், சில நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் ஊருக்குக் கிளம்பும் ஒரு கறுப்பினப் பெண். டாக்சியிலும் விமானத்திலும் நாலா பக்கமிருந்தும் வெள்ளைக் கைகள் உங்கள் முடியைத் தொட நீளும், தட்டித் தட்டி விட வேண்டும். முதலில் சிரிப்பு வரும், அப்புறம் விரல் வலிக்கும்.

பெரிய கேம் என்றால் 2025 ஏப்ரலில் வந்த 'சவுத் ஆஃப் மிட்நைட்'. அமெரிக்கத் தென்பகுதியில் சூறாவளி வெள்ளம் அம்மாவை வீட்டோடு அடித்துக்கொண்டு போக, ஹேசல் தேடிக்கொண்டு கிளம்புகிறாள். சண்டை சுமார், ஒரு கட்டத்துக்கு மேல் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறது. பொம்மையை நகர்த்தி நகர்த்திப் படமெடுத்ததுபோன்ற அசைவும், ஊர்க்கதைகளில் வரும் ராட்சச முதலையும், பாட்டும் அதை ஈடுகட்டிவிடும். அவிலீனை ஆட நினைப்பவர்கள் வீட்டாவைத் தேடி அலைய வேண்டாம். மெருகேற்றிய பதிப்பை 'அசாசின்ஸ் க்ரீட் 3' ரீமாஸ்டரோடு சேர்த்தே விற்கிறார்கள். 'டெத்லூப்'பும் 'ஆலன் வேக் 2'வும் பெரியவர்களுக்கானவை, ரத்தம் அதிகம்; பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம்.